இன்று யார் முறை? - பழவேற்காட்டுப் பாடும் கணிப்பொறி நிரலும்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் பழவேற்காடு ஏரி இருக்கிறது. ஏரி என்று பெயரே தவிர, அது நன்னீர் ஏரி அன்று. கடல் நீரும் ஆற்று நீரும் கலந்து நிற்கும் உவர்நீர்க் காயல். ஒடிசாவிலுள்ள சிலிகாவுக்கு அடுத்தபடியாக, இந்தியாவில் இதுவே பெரிய உவர்நீர்க் காயலாகும். இதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும், தென்பகுதி தமிழ்நாட்டிலும் உள்ளன. கடலுக்கும் காயலுக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு நீண்டு கிடக்கிறது.

இந்தக் காயலில் எல்லா இடத்திலும் ஒரே அளவு இறால் கிடைப்பதில்லை. முகத்துவாரத்தை ஒட்டி நீரோட்டம் உள்ள இடங்களில் நன்றாகக் கிடைக்கும். அத்தகைய இடங்கள் சில, வலையுடையோர் பலர். எல்லாரும் ஒரே இடத்துக்குப் போனால் சண்டைதான் மிஞ்சும். இதற்காக அங்குள்ள மீனவர்கள் நெடுங்காலத்துக்கு முன்பே ஒரு வழி கண்டனர். அதற்குப் 'பாடு' என்று பெயர். எந்த நாளில் எந்த ஊரார் எந்த இடத்தில் சுத்துவலை கட்டலாம் என்பதை முறை வைத்துப் பகிர்ந்துகொள்வதே பாடு. ஊருக்குள் உரிமையுடைய குடும்பங்களின் பட்டியலுக்குத் தலைக்கட்டுப் பட்டியல் என்று பெயர். வரிசையைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்களின் பாட்டு முறையைப் பற்றி ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 1991ஆம் ஆண்டில் ஓர் ஆய்வறிக்கையே வெளியிட்டுள்ளது.

என்னிடம் இயற்பியல் படித்த மாணவர் ஒருவர் அந்தப் பக்கத்துக் குப்பத்தைச் சேர்ந்தவர். ஒருநாள் ஆய்வகத்தில், "சார், எங்க ஊர்ப் பாட்டுக்கு ஒரு நிரல் எழுதியிருக்கேன். ரெண்டு வாரம் சரியா வந்துது, அப்புறம் ஒரே நாள்ல ரெண்டு பேர் பெயர் வருது" என்று சொல்லிக் கைப்பேசியை நீட்டினார். நல்ல வேளையாக, ஊரில் யாரும் அதை நம்பி வலையை எடுத்துக்கொண்டு புறப்படவில்லை. புறப்பட்டிருந்தால், இருவரில் ஒருவருக்கு அன்றைய வரும்படி போயிருக்கும். அந்த நிரலைத் திருத்திய கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். பொருள்நோக்கு நிரலாக்கத்தின் முதற்பாடங்கள் அனைத்தும் அதற்குள் அடங்கியிருந்தன.

முதலில் பொருள் என்றால் என்ன என்று பார்ப்போம். 1960களில் நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரில் ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நூகார்ட் என்ற இருவர் நடைமுறை நிகழ்ச்சிகளைக் கணிப்பொறியில் நடத்திப் பார்க்க ஒரு மொழி தேவை என்று கருதினர். வரிசையில் நிற்கும் ஆள், துறைக்கு வரும் கப்பல் போன்ற ஒவ்வொன்றையும், தனக்குரிய தகவலையும் தனக்குரிய செயல்களையும் சேர்த்து வைத்திருக்கும் ஒரு சிறு மூட்டையாக நிரலுக்குள் படைக்க முடிந்தால் எளிது என்பது அவர்கள் எண்ணம். அவ்வாறு 1967இல் பிறந்ததே சிமுலா 67. அந்த மூட்டைக்குப் பெயர் பொருள். ஒரே வகைப் பொருள்களுக்கான அச்சுக்குப் பெயர் இனக்குழு. வலை பின்னுவோர் கண்ணியளவுக்கு ஒரு பலகைத் துண்டை வைத்துக்கொள்வார்கள் அல்லவா? இனக்குழு அந்தப் பலகை போன்றது. அதை வைத்து எத்தனை கண்ணிகள் வேண்டுமானாலும் போடலாம். பலகை மீன் பிடிக்காது.

நம் மேல்நிலைப் பாடநூல்களில் பதினொன்றாம் வகுப்புக்குச் சி++ மொழியும், பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைத்தான் மொழியும் வருகின்றன. நாம் பைத்தானை எடுத்துக்கொள்வோம். இதை ஆம்ஸ்டர்டாமில் பணியாற்றிய கீடோ வான் ராசம் உருவாக்கி 1991இல் வெளியிட்டார். (டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய ஊர் பழவேற்காடு. நான்கு நூற்றாண்டுகள் கழித்து அங்கே இன்னொரு டச்சுச் சரக்கு வந்து இறங்கியிருக்கிறது!) பைத்தான் 3இல் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். மொழிக்கே உரிய சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்ற நிரல்மொழியில் அச்சொற்களும் தமிழ்தான். பதிப்பி, பின்கொடு என்றெல்லாம் வரும். அதிலிருந்து ஒரு சொல்லைக் கடன் வாங்கி நம் வரைவைத் தமிழிலேயே எழுதுகிறேன்.

இனக்குழு பாடு:
    ஆக்கி (தன், ஊர்கள், தொடக்கம்):
        தன்.ஊர்கள் = ஊர்கள்
        தன்.நாள் = தொடக்கம்
    செயல் யார்முறை (தன்):
        பின்கொடு தன்.ஊர்கள்[தன்.நாள் % 3]
    செயல் அடுத்தநாள் (தன்):
        தன்.நாள் = தன்.நாள் + 1

கணிப்பொறியில் தட்டும்போது 'இனக்குழு' என்ற இடத்தில் கிளாஸ் என்றும், 'செயல்' என்ற இடத்தில் டெஃப் என்றும், 'பின்கொடு' என்ற இடத்தில் ரிட்டர்ன் என்றும் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். 'ஆக்கி' என்பதற்கு டெஃப் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, இனிட் என்பதை முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடுகளுடன் தட்ட வேண்டும். 'தன்' என்பதை மாற்ற வேண்டியதில்லை. எல்லாரும் அங்கே செல்ஃப் என்று எழுதுவது வழக்கமே தவிர விதியன்று.

இதில் % என்பது சதவீதக் குறி அன்று. வகுத்தபின் வரும் மீதி. பட்டியலில் முதல் ஊருக்கு எண் 0, இரண்டாவதற்கு 1, மூன்றாவதற்கு 2. எண்ணிக்கை 0இலிருந்து தொடங்குவதைத் தொடக்க மாணவர்கள் வீண் குறும்பு என்று நினைக்கிறார்கள். மீதியும் 0, 1, 2 என்றுதானே வரும்? அதனால் இரண்டும் அழகாகப் பொருந்திவிடுகின்றன. ஆனால் ஒரு பொறி உண்டு. நூறாம் நாள் யார் முறை? அவசரப்பட்டு 100ஐ 3ஆல் வகுத்தால் மீதி 1, ஆகவே இரண்டாவது ஊர் என்று விடை வரும். அது தவறு. முதல் நாளுக்கு எண் 0 என்றால் நூறாம் நாளுக்கு எண் 99, மீதி 0, முதல் ஊர். ஒன்று பிசகினால் வேறோர் ஊர் போய் வலை கட்டிவிடும்.

இனி மூன்று இடங்களுக்கு மூன்று பொருள்கள் படைப்போம். இடப்பெயர்கள் நாமாக வைத்தவை. உண்மையான பாட்டின் நுணுக்கங்கள் இதைவிடப் பல.

ஊர்கள் = ["கோட்டைக்குப்பம்", "ஆண்டிக்குப்பம்", "நடுவூர் மாதாகுப்பம்"]
வடக்கு = பாடு(ஊர்கள், 0)
நடு = பாடு(ஊர்கள், 1)
தெற்கு = பாடு(ஊர்கள், 2)

அச்சு ஒன்று, பொருள்கள் மூன்று; ஒவ்வொன்றும் தன் நாளைத் தானே எண்ணுகிறது. தொடக்கம் மாறியிருப்பதால் எந்த நாளிலும் ஓர் ஊர் இரண்டு இடங்களில் வராது. கணிப்பொறி இல்லாதவர்கள் தாளில் மூன்று கட்டம் போட்டு ஆறு நாள்களுக்கு எழுதிப் பாருங்கள்.

என் மாணவரின் நிரல் இப்படி இருக்கவில்லை. அவர் ஒவ்வொரு தலைக்கட்டையும் ஒரு பொருளாக வைத்து, அதனதன் 'அடுத்த முறைத் தேதி'யை அதற்குள்ளேயே எழுதியிருந்தார். பார்வைக்குச் சரியாகத்தான் தோன்றும். என் முறை என்னுடையதுதானே? ஆனால் நடுவில் புயல் எச்சரிக்கையால் ஒருநாள் யாரும் போகவில்லை. எல்லாத் தேதிகளையும் ஒருநாள் தள்ள வேண்டியதாயிற்று. நாற்பது பொருள்களில் முப்பத்தொன்பதைத் தள்ளினார், ஒன்று விட்டுப்போயிற்று. இரண்டு பெயர் வந்த மர்மம் அதுதான்.

முறை என்பது குடும்பத்துக்குள் இருக்கும் தகவல் அன்று. அது இடத்துக்கும் வரிசைக்கும் உரியது. ஆகவே அதை ஒரே இடத்தில், பாடு என்ற பொருளுக்குள் வைக்க வேண்டும். அங்கிருந்து கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே தவிர, நகல் எடுத்து நாற்பது பேரிடம் கொடுக்கக் கூடாது. இந்த மொழிகளில் இலக்கணம் கற்பது எளிது; எந்தத் தகவல் எந்தப் பொருளுக்கு உரியது என்று தீர்மானிப்பதுதான் கடினம். நான் பார்த்த மாணவர் நிரல்களில் பாதி இங்கேதான் சறுக்கின.

இப்படி மாற்றியபின் புயல் நாள் எளிதாகிவிட்டது. முறை போகாமல் காக்க வேண்டுமா, அன்று 'அடுத்தநாள்' என்ற செயலை அழைக்காதீர்கள். போனது போனதுதான் என்றால் அழையுங்கள். எது சரி என்று மாணவர் என்னைக் கேட்டார். "என்னைக் கேட்காதே, ஊரில் கேட்டு வா" என்றேன். நிரல் எழுதுபவன் வசதிக்காக ஊர்க் கட்டுப்பாட்டை மாற்றிவிடக் கூடாது அல்லவா?

இதற்கிடையே வேறொரு பிழை தலைகாட்டியது. ஒரு பருவத்தில் தெற்கு இடத்தில் மட்டும் ஆண்டிக்குப்பம் விலகிக்கொள்வதாக வைத்து நிரலைச் சோதித்தோம். தெற்கின் பட்டியலிலிருந்து அப்பெயரை நீக்கியதும், வடக்கிலும் நடுவிலும்கூட அது காணாமற் போயிற்று! காரணம், மூன்று பொருள்களுக்கும் நாம் கொடுத்தது ஒரே பட்டியலை. ஒரு வலையில் மூன்று கயிறுகளைக் கட்டி மூன்று பேர் பிடித்திருப்பது போல. கயிறு மூன்றானால் வலை மூன்றாகிவிடுமா? பைத்தானில் பெயர் என்பது கயிறுதான். ஆக்கிக்குள்

        தன்.ஊர்கள் = பட்டியல்(ஊர்கள்)

என்று எழுதினால் ஒவ்வொரு பொருளும் தனக்கென ஒரு நகல் எடுத்துக்கொள்ளும். (பட்டியல் என்பதற்கு லிஸ்ட் என்று தட்டுக.) தலைக்கட்டுத் தேதிகளுக்கு நகல் கூடாது என்றேன், இங்கே நகல் வேண்டும் என்கிறேன், முரண்பாடு அன்று. எல்லாருக்கும் ஒன்றாக மாற வேண்டிய தகவலுக்கு நகல் கூடாது. தனித்தனியே மாறக்கூடிய தகவலுக்கு நகல் வேண்டும்.

மேலும், நிரலில் 3 என்று எழுதியிருக்கிறோமே, இரண்டு ஊர் மட்டும் இருந்தால்? மீதி 2 வரும் நாளில் பைத்தான் 'பட்டியலில் அப்படி ஓர் இடம் இல்லை' என்று சொல்லி நின்றுவிடும். நிற்பது நல்லதுதான், தெரிந்துவிடுகிறது. ஓசையில்லாமல் தவறான பெயரைச் சொல்லும் பிழைதான் ஆபத்தானது. 3க்குப் பதில் பட்டியலின் நீளத்தை நிரலே எண்ணிக்கொள்ளுமாறு செய்யலாம். அதற்கு லென் என்ற செயற்கூறு இருக்கிறது.

பிடித்த இறாலின் எடையைக் கூட்டுவது, கோப்பில் சேமிப்பது முதலியவை எல்லாப் பாடநூலிலும் உள்ளன, விரிக்கவில்லை. ஒன்று மட்டும் சொல்லியாக வேண்டும். பைத்தானில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டிப் பாருங்கள். 0.30000000000000004 என்று வரும். நாம் மூன்றில் ஒரு பங்கைப் பதின்மத்தில் முழுதாக எழுத முடியாதது போல, கணிப்பொறியின் இரும எண்முறையில் பத்தில் ஒரு பங்கை முழுதாக எழுத முடியாது. ஆகவே எடையைக் கிராமிலும், பணத்தைப் பைசாவிலும் முழு எண்களாக வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்த வாரம் மாணவர் ஊரிலிருந்து திரும்பி வந்தார். புயல் நாளைப் பற்றி வீட்டில் கேட்டாராம். அவருடைய தந்தை பதிலுக்கு வேறொன்றைக் கேட்டிருக்கிறார்: "சாயங்காலம் வலை கட்டி விடியக்காலம் எடுக்கிறோம். அது உன் மிஷின்ல எந்தத் தேதி?"

நான் சற்று நேரம் வாயடைத்துப் போனேன். கணிப்பொறியின் கடிகாரம் நள்ளிரவில் தேதியை மாற்றிவிடும். வலை கட்டும்போது ஒரு தேதி, எடுக்கும்போது மறு தேதி. தேதியை நம்பி முறையைக் கணக்கிட்டால், நடு இரவில் வலை நீரில் இருக்கும்போதே அடுத்த ஊரின் பெயர் திரையில் வந்து நிற்கும். நம் வரைவில் நல்லவேளையாக நாம் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. 'அடுத்தநாள்' என்று யாராவது சொன்னால்தான் எண் கூடும். ஆனால் பெயர் தவறு. அன்றைக்கே 'நாள்' என்பதை 'முறை' என்றும், 'அடுத்தநாள்' என்பதை 'முறைமுடிந்தது' என்றும் மாற்றினோம். வலை கரைக்கு வந்தபின் அதை அழைக்க வேண்டும். நிரலில் மாறியவை பெயர்கள் மட்டுமே. இருந்தாலும் அதன்பின் எப்போது அழைப்பது என்ற குழப்பம் எங்கள் இருவருக்கும் வரவில்லை.

இனி உங்களுக்கு இரண்டு கணக்குகள். ஓர் இடத்தில் மூன்று ஊர்கள் முறை வைத்து வருகின்றன. ஒவ்வோர் ஊருக்குள்ளும் தலைக்கட்டுகள் வரிசையாக வருகின்றன. ஊர்களில் முறையே 20, 24, 30 தலைக்கட்டுகள் இருந்தால், முதல் நாள் போன குடும்பம் மறுபடியும் அதே இடத்துக்கு எத்தனை முறை கழித்து வரும்? இதற்கு ஊர் என்று இன்னோர் இனக்குழு எழுதிப் பாருங்கள். பாடு என்ற பொருள் ஊரைக் கேட்க, ஊர் தன் தலைக்கட்டைச் சொல்ல வேண்டும். இரண்டாவது: முறை எண் 100ஐ எட்டியிருக்கும்போது ஓர் ஊர் விலகுகிறது, 3ஆல் வகுத்தது போய் 2ஆல் வகுக்கிறோம். வரிசை எங்கே தாவுகிறது, யாருடைய முறை பறிபோகிறது என்று கண்டுபிடித்து, அது நேராதபடி நிரலைத் திருத்துங்கள்.