வாத்துத் தீனிக்குத் தவிடும் குறுநெல்லும்

சண்டிலிப்பாயில் வழுக்கையாற்றை அடுத்த வயல்களிற் காலபோக நெல் தை, மாசி மாதங்களில் அறுவடையாகின்றது. தூற்றும்போது சப்பி நெல்லும், ஆலையிற் குற்றும்போது உமி, தவிடு, குறுநெல் என்பனவும் கிடைக்கின்றன. வாத்து வளர்க்கும் கமக்காரருக்கு இவை தீனிச் செலவைக் குறைக்கும். ஆயினும், குணமறியாது கொடுப்பின் சிக்கனமே நட்டமாய் முடியும்.

வாத்து, தாராவைக் காட்டிலும் மிகுதியாகப் புல் மேயும் பறவை. அறுவடை முடிந்த வயலில் விட்டால் புல்லையும் சிந்திய நெல்லையும் உண்ணும். மரக்கறித் தோட்டத்திலும், பூச்சிமருந்து தெளித்த நிலத்திலும் விடலாகாது.

தவிடு: நல்ல தவிட்டில் நூற்றுக்கு ஏறக்குறைய 12 பங்கு புரதம் உண்டு. உமி கலந்த தவிடு பயன் குறைந்தது. ஒரு பிடியை நீரிலிட்டால் உமி மிதந்து காட்டிக்கொடுக்கும். பச்சை நெற்றவிட்டிலுள்ள எண்ணெய் விரைவிற் காறிவிடும். நெல்லைப் புழுக்கும்போது அதற்குக் காரணமான நொதி அழிவதால், புழுங்கல் நெற்றவிடு கூடிய நாள் கெடாதிருக்கும்.

வளர்ந்த வாத்துகளுக்கான கலவை: தவிடு 4 பங்கு, குறுநெல் 3 பங்கு, குரக்கன், எள்ளுப் பிண்ணாக்கு, தேங்காய்ப் பிண்ணாக்கு ஒவ்வொன்றும் 1 பங்கு. இதில் நூற்றுக்கு ஏறத்தாழ 14 பங்கு புரதம் அமையும். மேய்ச்சலுள்ள வாத்துகளுக்கு இது போதும். முட்டையிடுங் காலத்திற் சிப்பித்தூளையும் தனியாக வைக்க வேண்டும். குஞ்சுகளுக்கு முதல் மூன்று வாரங்களில் நூற்றுக்கு 20 பங்கு புரதம் தேவையாதலால், இக்கலவை அவற்றுக்கு ஏற்றதன்று.

தவிட்டுத் தீனியை நீர் தெளித்துப் பிசைந்தே கொடுத்தல் வேண்டும். உலர்ந்த தூள் தொண்டையில் அடைக்கும். அலகும் மூக்கும் அமிழத்தக்க ஆழமுள்ள நீர்ப் பாத்திரம் அருகில் இருத்தல் அவசியம். மாலையில் மேய்ந்து திரும்பியபின், அரை மணி நேரத்தில் உண்டு முடிக்கக்கூடிய அளவே வைக்க வேண்டும். எஞ்சிய ஈரத் தீனி புளித்துவிடும்; அதை அகற்றிப் பாத்திரத்தைக் கழுவுதல் வேண்டும்.

பூஞ்சணம்: 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே பூஞ்சணம் பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கை உண்டு ஓரிலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்தன, தாராக் குஞ்சுகளும் மாண்டன. அப்பூஞ்சணத்தின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். பிண்ணாக்கை வெயிலிற் காயவைத்தாலும் அவித்தாலும் அந்நஞ்சு முற்றாக நீங்காது. ஆகையால் மாரிக்காலத்திற் சாக்குகளை நிலத்தில் வையாது பலகைமேல் அடுக்கி, சிறிது சிறிதாக வாங்கிப் பயன்படுத்த வேண்டும். பூஞ்சண மணமோ நிறமாற்றமோ காணப்படின் அத்தீனியை எப்பிராணிக்கும் கொடாது புதைத்துவிடுதலே தக்கது. ஒரு சாக்குப் பிண்ணாக்கின் விலை, ஒரு மந்தையின் விலையிலும் சிறிதே.