பூ உதிர்ந்த பிறகுதான் வேலை

திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு மல்லி அனுப்பும் ஊர்களில் வளர்ந்தவர்களுக்குக் கவாத்து பழகிய வேலை. கார்த்திகையில் செடியைத் தரையிலிருந்து அரை மீட்டர் விட்டு வெட்டுவோம். புதுத் தளிர் வரும், தளிரில் மொட்டு வரும். அந்த ஊர்களிலிருந்து நர்சரிக்கோ, ஓட்டல் செடிப் பராமரிப்புக்கோ, கல்யாண அலங்காரத்துக்கோ வேலைக்குப் போகிறவர்கள் ஆர்க்கிட் தொட்டியின் முன்னால் அந்தக் கையைக் கொஞ்சம் அடக்க வேண்டும். அடுத்த பூ எங்கிருந்து வரும் என்று தெரியாமல் கத்தரியை எடுக்காதீர்கள். முதலாளி உங்களிடம் எதிர்பார்ப்பது இந்த ஒரு தெளிவைத்தான்.

டெண்ட்ரோபியத்தில் தொடங்குங்கள். சமவெளி வெயிலைத் தாங்கும் வகை அது. நிழல்வலையும் காற்றோட்டமும் இருந்தால் நம் ஊரிலேயே வளரும். கல்யாண மேடைகளில் பார்க்கும் ஊதாவும் வெள்ளையும் கலந்த பூ பெரும்பாலும் இதுதான். இதில் பூக்காம்பு வேறு, தண்டு வேறு. காய்ந்த பூக்காம்பை மட்டும் அடியோடு ஒட்ட வெட்டலாம். இலை உதிர்ந்து மொட்டையாக நிற்கும் கரும்பு போன்ற தண்டில் கை வைக்கக் கூடாது. செடியின் சாப்பாடும் தண்ணீரும் அதில்தான் இருக்கின்றன. பக்கத்தில் முளைக்கும் புதுத் தண்டு அதைக் குடித்துத்தான் வளர்கிறது. பழைய தண்டின் கணுவிலேயே மறுபடி பூப்பதும் உண்டு. முழுக்கச் சுருங்கிப் பழுப்பேறிக் காய்ந்த தண்டை மட்டும் எடுங்கள். புதிதாகச் சேருபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது.

ஃபெலனாப்சிஸ் கொஞ்சம் நுணுக்கமானது. ஓட்டல் வரவேற்பறையில் வளைந்த காம்பில் வண்ணத்துப்பூச்சி மாதிரிப் பூக்கள் வரிசையாக நிற்குமே, அது. கடைசிப் பூ விழுந்ததும் காம்பை உற்றுப் பாருங்கள். பழுப்பாகிக் காய்ந்திருந்தால் அடியோடு வெட்டலாம். பச்சையாக இருந்தால் காம்பில் முக்கோணச் செதில் மூடிய கணுக்கள் தெரியும். அடியிலிருந்து இரண்டாவது அல்லது மூன்றாவது கணுவுக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே வெட்டினால், அந்தக் கணு கிளைத்து இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி பூக்க வாய்ப்பு உண்டு. பூ சற்றுச் சிறியதாக இருக்கும். இலை வதங்கியோ, இரண்டு மூன்று இலையோடோ நிற்கும் செடியிடம் இதைக் கேட்காதீர்கள். காம்பை அடியில் எடுத்துவிட்டு இலையைத் தேற்றுங்கள்.

இங்கே நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஃபெலனாப்சிஸ் புதுக் காம்பு விடக் குளிர்ச்சி தேவை. 28 டிகிரிக்கு மேலேயே இருந்தால் இலைதான் வளரும். சித்திரையில் கணு பூவுக்குப் பதில் குட்டிச் செடி விடவும் கூடும். விட்டால் நல்லதே. அதன் வேர் இரண்டு அங்குலம் நீளும்வரை தாய்க்காம்பை வெட்டாமல் வைத்திருந்து பிறகு பிரித்து நடுங்கள். நர்சரிக்கு ஒரு செடி லாபம்.

வெட்டும் கருவியில் கண்டிப்பாக இருங்கள். ஒரே கத்தரியால் வரிசையாக வெட்டிக்கொண்டு போனால், சாற்றின் வழியே ஒரு செடியின் வைரஸ் எல்லாச் செடிக்கும் போகும். வந்தால் மருந்து கிடையாது. செடிக்கொரு புது பிளேடு எடுங்கள், இல்லையென்றால் கத்தரியைத் தீயில் காட்டி ஆறவைத்து வெட்டுங்கள். வெட்டுவாயில் கொஞ்சம் லவங்கப்பட்டைத் தூள் தடவலாம். வேரில் படக் கூடாது, உலர்த்திவிடும்.

தண்ணீர் காலையில் ஊற்றுங்கள், இலைக்குருத்தில் தேங்கவிடாதீர்கள். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் மழைநீரைச் சேர்த்து வையுங்கள். 19:19:19 உரம் லிட்டருக்கு ஒரு கிராமுக்கு மேல் வேண்டாம்.

வாடகைக்குச் செடி வைக்கும் வேலை என்றால் வாடிக்கையாளரிடம் பேசவும் தெரிய வேண்டும். பூ விழுந்த மறுநாளே, "செடி செத்துப்போச்சுப்பா, தூக்கிட்டுப் போ" என்று போன் வரும். "இல்ல சார், செடி நல்லாத்தான் இருக்கு. இப்ப ஓய்வுல இருக்கு. இதை எடுத்துக்கிட்டு பூத்த தொட்டி ஒண்ணு வைக்கிறேன்" என்று சொல்லுங்கள். திரும்பி வரும் தொட்டியில் வகை, பூ முடிந்த தேதி, எங்கே வெட்டினீர்கள் என்று ஒரு சீட்டு எழுதிக் கட்டுங்கள். அடுத்த ஷிப்டுக்கு வருபவர் அதே காம்பை மறுபடி நறுக்காமல் இருக்க அந்தச் சீட்டுதான் காவல்.

செடிகளை நேரில் பார்த்துப் பழக, கொடைக்கானல் செண்பகனூர் அருங்காட்சியகத்தின் ஆர்க்கிட் தொகுப்புக்கும், முடிந்தால் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகம் நடத்தும் ஆர்க்கிட் தோட்டத்துக்கும் ஒரு முறை போய் வாருங்கள். பூ இல்லாத செடிகளின் முன் அதிக நேரம் நில்லுங்கள். தண்டு பருத்தது எது, காம்பு இலைக்கக்கத்தில் வருவது எது என்று குறித்துக்கொள்ளுங்கள். மலைக்காட்டில் பிடுங்கிய செடியை யாராவது மலிவாகக் கொண்டுவந்தால் வாங்காதீர்கள். காப்புக்காட்டில் செடி பறிப்பது குற்றம். நர்சரிக்கு அதனால் வரும் வழக்கில் உங்கள் பெயரும் சேரும்.