பிழை மெயில் யாருக்குப் போக வேண்டும்?

இன்டர்நெட்டில் ரயில் டிக்கெட் பதிவு செய்யும்போது 'சர்வர் எரர்' என்று ஒரு வரி வந்து திரை அப்படியே நின்றுவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். உங்களுக்குத் தெரிவது அந்த ஒரு வரிதான். ஆனால் அதே நொடியில், அந்த வெப் அப்ளிகேஷனைப் பராமரிப்பவருக்கு ஒரு மெயில் போகும்படி அமைக்க முடியும். எந்தப் பக்கத்தில், எந்த பைலில், எத்தனையாவது வரியில் தவறு நடந்தது என்ற விவரம் அதில் இருக்கும். இதுதான் பிழை மெயில். அது யாருக்குப் போக வேண்டும் என்பதை எங்கே எழுதி வைப்பது? சின்னக் கேள்விதான். இதைச் சரியாக யோசிக்காததால் ஒரு சனிக்கிழமை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

என் ஊர் திருச்சுழிப் பக்கம். அருப்புக்கோட்டையில் சேலை வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவருக்கு அப்ளிகேஷன் ஒன்று எழுதிக் கொடுத்திருந்தேன். நெசவாளருக்குக் கொடுத்த நூல் எவ்வளவு, திரும்பி வந்த சேலை எத்தனை, தர வேண்டிய கூலி எவ்வளவு எல்லாம் அதில் ஏறும். எங்கள் பக்கம் மானாவாரி பூமி. மழை பொய்த்தால் பல வீடுகளில் தறிக்கூலிதான் சோறு. சனிக்கிழமை கூலி நாள்.

அப்ளிகேஷனை ஜாங்கோவில் எழுதினேன். 2005-ல் வெளியான இலவச சாஃப்ட்வேர் இது. இதன் செட்டிங்ஸ் பைலில் 'அட்மின்ஸ்' என்ற பட்டியல் உண்டு. மெயில் சர்வர் விவரத்தைக் கொடுத்து, 'டீபக்' என்ற அமைப்பை அணைத்துவிட்டால், பெரிய பிழை வந்தவுடன் பட்டியலில் உள்ள எல்லாருக்கும் மெயில் போய்விடும்.

இதில் ஒரு தொல்லை. செட்டிங்ஸ் பைல், அப்ளிகேஷன் தொடங்கும்போது மட்டுமே படிக்கப்படும். ஆள் மாறினால் பைலைத் திருத்தி, அப்ளிகேஷனை மறுபடி தொடங்க வேண்டும். மைக்ரோசாஃப்டின் பழைய ஏஎஸ்பி டாட் நெட்டில் 'வெப் கான்ஃபிக்' பைலைத் திருத்தி சேவ் செய்தாலே அப்ளிகேஷன் தானாக மறுபடி தொடங்கும். மெமரியில் இருந்த செஷன் விவரங்கள் அழிந்துவிடும். பாதி வேலையில் இருந்தவர் பாவம்!

எனவே முகவரிகளை டேட்டாபேஸில் ஒரு டேபிளுக்கு மாற்றினேன். ஜாங்கோவில் இந்த மெயிலை அனுப்பும் பகுதிக்கு 'அட்மின் இமெயில் ஹேண்ட்லர்' என்று பெயர். அதை அடிப்படையாக வைத்துச் சொந்தமாக ஒன்று எழுதி, அதிலுள்ள 'சென்ட் மெயில்' பகுதியை மட்டும் மாற்றினால் போதும். ஒவ்வொரு பிழையின்போதும் டேபிளைப் படித்து, அதில் அப்போது இருப்பவர்களுக்கு அனுப்பும். கடைக் கணக்குப்பிள்ளையே பிரவுசரில் முகவரியை மாற்றிக்கொள்ளலாம். எனக்கு ஒரே பெருமை.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு சர்வரின் டிஸ்க் நிரம்பி, டேட்டாபேஸ் நின்றுவிட்டது. காலையில் அண்ணாச்சியிடமிருந்து போன்.

"தம்பி, கூலி வாங்க வாசல்ல ஆள் நிக்குது. கணக்கு திறக்க மாட்டேங்குது. தப்பு வந்தா உங்களுக்கு மெயில் வரும்னீங்களே?"

வரவில்லை. டேட்டாபேஸ் நின்றுவிட்டது என்று சொல்ல வேண்டிய மெயிலின் முகவரி, அந்த டேட்டாபேஸுக்குள்ளேயே இருந்தது! லைன்மேன் போன் நம்பரை உங்கள் வீட்டு கம்ப்யூட்டரில் மட்டும் குறித்து வைப்பது போன்றது இது. கரண்ட் போனால் எதைத் திறந்து பார்ப்பீர்கள்? நல்லவேளை, நெசவாளர்கள் கையில் ஆளுக்கொரு நோட்டு இருந்தது. அதைப் பார்த்துக் கூலி கொடுத்து முடிக்க இருட்டிவிட்டது.

இப்போது மாற்றிவிட்டேன். ஹேண்ட்லர் முதலில் டேபிளைப் படிக்க முயலும். படிக்க முடியாவிட்டாலோ டேபிள் காலியாக இருந்தாலோ, செட்டிங்ஸ் பைலில் உள்ள 'அட்மின்ஸ்' பட்டியலுக்கே அனுப்பும். பழைய பட்டியலை அழிக்காமல் என் முகவரியை அதில் நிரந்தரமாக வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. திரை நின்றால் எல்லாரும் ரெஃப்ரெஷ் பட்டனைத்தான் அழுத்துவார்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு மெயில்! சாதாரண ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்குச் சுமார் 500 மெயில்தான் அனுப்ப முடியும். எனவே ஒரே பிழைக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு மெயில் என்று கட்டுப்படுத்துங்கள். அந்தக் கணக்கையும் டேட்டாபேஸில் வைக்காதீர்கள்.

எல்லாம் முடிந்ததும், சோதனை கம்ப்யூட்டரில் டேட்டாபேஸை வேண்டுமென்றே நிறுத்திவிட்டு, ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். மெயில் வந்தால்தான் வேலை முடிந்தது. சர்வரே மொத்தமாக அணைந்துவிட்டால் மெயில் அனுப்ப ஆள் இருக்காது. அதற்கு வெளியிலிருந்து கண்காணிக்கும் வேறொரு கம்ப்யூட்டர் வேண்டும். அது தனிப் பாடம்.