சோற்றுக்குப் பின் இரண்டு மணி நேரம்

சென்ற குளிர்காலத்தில் என் தந்தையார் தஞ்சையினின்று வந்து, லேக் கார்டன்ஸில் நான் குடியிருக்கும் அறையில் ஒரு திங்கள் தங்கியிருந்தார். அவருக்கு நீரிழிவு கண்டு பதினோராண்டுகள் ஆகின்றன. நாள்தோறும் விடியலில் வெறும் வயிற்றில் விரலைக் குத்திப் பார்த்து, “112தானப்பா, எனக்கென்ன குறை?” என்று மகிழ்வார். ஒருநாள் நண்பகல் உணவுக்கு இரண்டு மணி நேரங்கழித்து நான் வற்புறுத்திக் குத்திப் பார்த்தேன். கருவி 236 எனக் காட்டிற்று. என் பெரியப்பாவின் கால் ஒன்றை இந்நோய்க்குப் பறிகொடுத்த குடும்பம் எங்களுடையது. அன்று மாலைவரை நாங்கள் இருவரும் அதைப்பற்றிப் பேசவில்லை.

வெறும் வயிற்றில் நல்ல பிள்ளையாயிருக்கும் குருதி, உண்டபின் ஏன் இப்படித் தாவுகிறது? அரிசி நூறு கிராமில் ஏறக்குறைய 78 கிராம் மாவுப்பொருள். குடலில் அது சிதைந்து குளுக்கோஸாகிக் குருதியில் கலக்கிறது. கணையம் உடனே இன்சுலினைச் சுரந்து அதை உயிரணுக்களுக்குள் அனுப்பவேண்டும். நீரிழிவாளரிடம் அந்த முதற்சுரப்பு பிந்துகிறது; சுரந்ததும் சரியாக வேலை செய்வதில்லை. விடியலுக்குள் ஒருவாறு சமன்பட்டுவிடுவதால் காலை அளவு மட்டும் பார்ப்பவர் ஏமாறுகிறார். நீரிழிவாளர்க்கு உணவுக்குப் பின்னைய அளவு 180-க்குள் நிற்பது பொதுவான இலக்கு.

எல்லா மாவுப்பொருளும் ஒரே விரைவில் குருதிக்கு வருவதில்லை. இதனை அளக்க 1981-இல் டொராண்டோவில் டேவிட் ஜென்கின்சும் அவர்தம் குழுவினரும் ஓர் எண்ணை வகுத்தனர். குளுக்கோஸுக்கு 100 எனக் கொண்டு பிற உணவுகளை ஒப்பிடும் எண் அது. 70-ஐத் தொட்டால் உயர்ந்தது என்பர். நம்மூர்ப் பொன்னி அரிசி ஏறத்தாழ 70 என்று சென்னை ஆய்வாளர் 2012-இல் வெளியிட்டனர். கொண்டைக்கடலையோ முப்பதின் அருகில் நிற்கிறது. தீட்டத் தீட்டத் தவிடு போகிறது. தவிட்டோடு நார்ப்பொருளும் போகிறது. தடுப்பார் இல்லாத மாவு விரைந்து கரைகிறது.

ஆனால் சோற்றை விடு என்று தஞ்சைக்காரரிடம் சொல்லிப் பயனுண்டா? நான் சொல்லவில்லை. எங்கள் கீழ்வீட்டு வங்காள மாசிமாவின் பந்தியைப் பார்த்தபோதுதான் எனக்கு வழி தோன்றியது. அவர்கள் கசப்பில் தொடங்குவார்கள். பாகற்காய், வாழைக்காய், முருங்கைக்காய், கத்தரிக்காய் சேர்ந்த சுக்தோ முதலில் வரும், பின் பருப்பு, காய், மீன், இனிப்பு கடைசியில். நாமோ சாம்பாருக்கு ஒருமுறை, ரசத்துக்கு ஒருமுறை, தயிருக்கு ஒருமுறை எனச் சோற்றையே மும்முறை வாங்கி, காயைத் தொட்டுக்கொள்ளும் பொருளாக இலையோரத்தில் வைத்துவிட்டோம். (வங்காளத்தாரும் குற்றமற்றவரல்லர், பிரியாணியிலும் உருளைக்கிழங்கை விட்டுவைக்காத நகரம் இது!)

காயையும் புரதத்தையும் முதலில் உண்டு, மாவுப்பொருளைப் பின்னர் உண்டால் ஏற்றம் தணிகிறது என்பதை நியூயார்க்கில் சிலரைக்கொண்டு செய்த சிற்றாய்வொன்று 2015-இல் காட்டியது. புரதமும் கொழுப்பும் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. நார்ப்பொருள் கூழாகிக் குடலில் உறிஞ்சுதலை மெதுவாக்குகிறது. ஆகவே தந்தையார்க்கு முதலில் ஒரு கிண்ணம் காய், அடுத்து கெட்டிப் பருப்பும் சுண்டலும், அதன்பின்னரே சோறு. சோறும் இரண்டு கரண்டியில் ஒன்று குறைந்தது. ஐந்தாம் நாள் 194. இரவு உணவுக்குப்பின் லேக் கார்டன்ஸ் இரயில் நிலையம்வரை நடந்து திரும்பத் தொடங்கியபின் 168. நடக்கும் தசை இன்சுலினை எதிர்பாராமலே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். நாளில் ஒரே மூச்சாக முப்பது நிமிடம் நடப்பதைவிட, ஒவ்வோர் உணவுக்குப் பின்னும் பத்து நிமிடம் நடப்பதே உணவுக்குப் பின்னைய அளவைக் கூடுதலாகத் தணிக்கிறது என்று நியூசிலாந்து ஆய்வு ஒன்று 2016-இல் கண்டது. ஒருவர் விரலில் கண்டது ஆய்வாகாது என்பதை நான் அறிவேன். எனினும் அந்த 168-ஐ அவர் மூன்று பேருக்குத் தொலைபேசியில் சொன்னார்.

இது முதியோர் கதை என்று நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. 2023-இல் வெளிவந்த அகில இந்திய ஆய்வின் கணக்கில் நீரிழிவாளர் 10.1 கோடி; நோயின் வாயிலில் நிற்பவர் 13.6 கோடி. வாயிலில் நிற்போரைத் திருப்ப முடியுமா என்பதைச் சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் ஆராய்ந்து 2006-இல் முடிவை வெளியிட்டனர். அறிவுரையின்றி விடப்பட்டோரில் மூன்றாண்டுக்குள் நூற்றுக்கு 55 பேர் நோயுற்றனர். உணவையும் நடையையும் திருத்திக்கொண்டோரில் 39 பேர். மருந்தின்றி வந்த வேறுபாடு அது. பெற்றோர்க்கு நோயிருப்பின், நம் விடுதி வாழ்வின் நான்கு மணி முரியும் நள்ளிரவு ரசகுல்லாவும் கணக்கில் எழுதப்படுகின்றன என்று கொள்க. பொரியும் மெல்லியதாய்த் தோன்றினும் விரைந்து கரையும் மாவே. ஒரு பிடி வேர்க்கடலையும் வெள்ளரியும் சேர்த்தால் பழுதில்லை.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். இன்சுலினோ, இன்சுலினைத் தூண்டும் மாத்திரையோ கொள்பவர், மருத்துவரைக் கேளாமல் சோற்றைத் திடீரெனக் குறைத்தால் குருதிச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து மயங்கி விழக்கூடும். அதனால்தான் தந்தையார் ஊர் திரும்பியதும் தம் குறிப்பேட்டை மருத்துவரிடம் காட்டினார். மாத்திரையின் அளவு மாறியது. அம்மாவோ சுக்தோவின் செய்முறையை மாசிமாவிடம் கேட்டு எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறார். கடுகெண்ணெய்க்கு மாற்றாக நல்லெண்ணெய் ஊற்றலாமா என்பது அவருடைய வினா.