அணுமின் நிலையங்களில் நிலநடுக்க, வெள்ள இடர் மதிப்பீடு

அணு உலையை நிறுத்தியவுடன் அபாயம் முற்றிலும் நீங்கிவிடுவதில்லை. அதன் பின்னரும் எரிபொருளிலிருந்து வெப்பம் வெளிப்பட்டுக்கொண்டேயிருக்கும். அதனைத் தணிக்க நீரும், நீரை இறைக்க மின்சாரமும் இடையறாது கிடைத்தாக வேண்டும். நிலநடுக்கமும் வெள்ளமும் இவ்விரண்டையும் ஒருங்கே துண்டிக்கவல்லவை. ஆகவேதான் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே இவை ஆராயப்படுகின்றன.

நிலநடுக்கம்

தெரிவு செய்யப்படும் இடத்தைச் சுற்றி 300 கி.மீ. வரை நிலவியல் அமைப்பும் கடந்தகால நடுக்கங்களும் தொகுக்கப்படுகின்றன. மீண்டும் அசையக்கூடிய நிலப்பிளவு 5 கி.மீ.க்குள் இருப்பின் அவ்விடம் ஏற்கப்படுவதில்லை. பின்னர், நிலையத்தின் ஆயுளில் எதிர்பார்க்கத்தக்க நடுக்கம், 10,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை நேரக்கூடிய கடும் நடுக்கம் என இரு அளவுகள் வரையறுக்கப்படுகின்றன. கடும் நடுக்கத்திலும் உலையை நிறுத்தவும், குளிர்விக்கவும், கதிரியக்கம் வெளியேறாமல் காக்கவும் இயல வேண்டும்.

‘ஒருமுறை’ என்பதன் பொருள்

100 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் என்றால், ஒருமுறை வந்தபின் 100 ஆண்டுகள் வராது என்பதன்று. ஒவ்வோர் ஆண்டிலும் அது நிகழும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்பதே பொருள். 40 ஆண்டுகள் இயங்கும் நிலையம் அதனைச் சந்திக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 33 சதவீதம். 10,000 ஆண்டு நிகழ்ச்சிக்கு இது 0.4 சதவீதமே. ஆயினும், சில நூற்றாண்டுப் பதிவுகளைக் கொண்டு 10,000 ஆண்டுகளைக் கணிக்க வேண்டியிருப்பதால், கணிப்பே பிழைபடக்கூடும்.

அனுபவம் புகட்டும் பாடம்

1994 ஜூன் மாதக் கனமழையில் குஜராத்தின் காக்ராபார் நிலையத்தில் அருகிலிருந்த ஏரியின் நீர் டர்பைன் கட்டிடத்தின் அடித்தளத்தில் புகுந்தது. கடலோரத்தில் மட்டுமே வெள்ள அபாயம் உண்டு என்ற எண்ணம் சரியன்று என்பதை இது காட்டியது.

2004 டிசம்பர் 26 அன்று சுமார் 2,000 கி.மீ. தொலைவில், சுமத்ரா அருகே நேர்ந்த நடுக்கம், சுனாமியாகக் கல்பாக்கத்தை வந்தடைந்தது. பம்பு நிலையத்தில் கடல்நீர் புகுந்தது. இயங்கிக்கொண்டிருந்த இரண்டாவது உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. நில அதிர்வு எட்டாத இடத்தையும் அதன் விளைவான வெள்ளம் எட்டக்கூடும் என்பது தெளிவாயிற்று.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் ஃபுகுஷிமாவில் உலைகள் நிலநடுக்கத்தின்போது தாமாகவே நின்றன. ஆனால், 5.7 மீட்டர் எனக் கணிக்கப்பட்டிருந்த சுனாமி சுமார் 14 மீட்டருக்கு உயர்ந்தது. அடித்தளத்திலிருந்த டீசல் ஜெனரேட்டர்கள் மூழ்கின. குளிர்விப்பு தடைப்பட்டு மூன்று உலைகளின் எரிபொருள் உருகியது.

இதன்பின் இந்திய நிலையங்கள் யாவும் மறு ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டன. வெளியிலிருந்து நீர் செலுத்த இணைப்புகளும் பிற ஏற்பாடுகளும் சேர்க்கப்பட்டன.

இடர் மதிப்பீடு என்பது உரிமம் பெறுவதற்காக ஒருமுறை முடித்துக் கோப்பில் வைக்கும் பணியன்று. புதிய சான்று கிடைக்குந்தோறும் பழைய கணிப்பு திருத்தப்பட வேண்டும். கணிப்பை மீறி நீர் வந்தாலும் மின்சாரம் கிடைக்குமாறு மாற்று ஏற்பாடும் வேண்டும். அதற்காகும் செலவு, ஒரு விபத்தால் மக்கள் தம் ஊரையும் நிலத்தையும் இழக்கும் நட்டத்தோடு ஒப்பிட்டே கணக்கிடப்பட வேண்டும்.