நாற்காலியின் இலக்கணம்

நான்கு கால்களை உடைமையால் நாற்காலி எனப் பெயர் வந்தது. காரணப்பெயருக்கு எடுத்துக்காட்டாக இதனைக் கூறுதல் இலக்கண வகுப்பின் வழக்கம். ஆயின், அலுவலகத்தில் எழுத்தர் அமரும் சுழல் நாற்காலியைச் சற்றுக் குனிந்து நோக்குங்கள். நடுவே ஒரு தண்டும், அதன் அடியில் ஐந்து கால்களும், ஒவ்வொரு காலின் நுனியிலும் ஓர் உருளையும் காண்பீர்கள். பெயரில் நான்காக இருப்பது பொருளில் ஐந்தாக ஆனது ஏன்?

கால்களின் நுனிகளைக் கோடுகளால் இணைத்தால் ஓர் உருவம் அமையும். அமர்ந்தவரின் ஈர்ப்பு மையத்திலிருந்து கீழ்நோக்கிச் செல்லும் நேர்கோடு அவ்வுருவத்துக்குள் இருக்குமளவும் இருக்கை நிலைக்கும். அதன் எல்லையைக் கடந்தால் கவிழும். ஒவ்வொரு காலும் நடுத்தண்டிலிருந்து 30 சென்டிமீட்டர் நீண்டுள்ளது எனக் கொள்வோம். தண்டிலிருந்து மிக அண்மையில் உள்ள எல்லை மூன்று காலுக்கு 15 சென்டிமீட்டர். நான்கு காலுக்கு ஏறத்தாழ 21. ஐந்து காலுக்கு 24. ஆறாவது காலைச் சேர்த்தாலும் 26 தான் ஆகும், அப்பயன் சிறிது. எப்பக்கமும் திரும்பவும், சாயவும், உருளவும் வேண்டிய இருக்கைக்கு ஐந்து கால்களே பொருந்தும் என்பது இக்கணக்கால் விளங்கும்.

இக்கணக்கை மறந்தால் நேர்வது யாது? அமெரிக்க நாட்டின் ரசீன் நகரில் 1939ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற ஜான்சன் நிறுவனத்தின் அலுவலகக் கட்டடம் பெரும்புகழ் வாய்ந்தது. அதனை அமைத்த பிராங்க் லாயிட் ரைட் என்னும் கட்டடக்கலை வல்லுநர், அங்குப் பணிபுரிவோர்க்கு மூன்று கால் நாற்காலிகளையும் வகுத்தளித்தார். இரு பாதங்களையும் தரையில் ஊன்றி நிமிர்ந்து இருப்போர் அதில் விழார்; ஒருபுறம் சாய்ந்தோர் விழுந்தனர். ரைட்டும் ஒருமுறை கவிழ்ந்தார் என்று ஒரு செய்தி வழங்குகிறது. பின்னர் அந்நாற்காலிகளுள் பெரும்பாலானவை நான்கு கால் பெற்றன. இருக்கை மனிதனைத் திருத்த முனைந்தது. இறுதியில் திருத்தம் பெற்றது இருக்கையே.

தொழிலுக்கு ஏற்ப மனிதனை வளைக்காமல், மனிதனுக்கு ஏற்பத் தொழிற்கருவியை அமைக்க வேண்டும் என்பதே பணிச்சூழலியல் என்னும் துறையின் உயிர்க்கொள்கை. மேலைநாட்டார் இத்துறைக்கு வழங்கும் எர்கோனாமிக்ஸ் என்னும் பெயர், வேலை, விதி எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களால் ஆகியது. போலந்து நாட்டு அறிஞர் யஸ்ட்ஷெம்போவ்ஸ்கி 1857ஆம் ஆண்டில் இப்பெயரை எடுத்தாண்டார்.

நம் முதுகெலும்பு நேரான கோல் அன்று. நிற்கும்போது அது இடுப்புக்கு மேலே சற்று முன்னோக்கி வளைந்திருக்கும். அமரும்போது இடுப்பெலும்பு பின்புறம் சுழல்வதால் அவ்வளைவு குறைகிறது. கீகன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1953ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் இதனை ஊடுகதிர்ப் படங்களால் காட்டினார். முதுகுக்குத் தாங்கலின்றி அமர்வோரின் முள்ளெலும்பிடைத் தட்டுகளில் நிற்போரைவிட அழுத்தம் மிகுதி என்று, சுவீடன் நாட்டு மருத்துவர் நாக்கெம்சன் பின்னர் அளந்து கண்டார்.

நல்ல சுழல் நாற்காலியின் ஒவ்வோர் உறுப்பும் இக்குறைகளுக்கு ஒரு மாற்றாகும். சாய்மானத்தின் கீழ்ப்பகுதி புடைத்து நின்று இடுப்பு வளைவைத் தாங்கும். தண்டினுள் அடைத்த நைட்ரசன் வளி இருக்கையை உயர்த்தவும் தாழ்த்தவும் துணை செய்யும்; பாதம் முழுவதும் தரையில் படிவதே தக்க உயரம். இருக்கையின் முன்விளிம்பு தொடையை அழுத்தாதவாறு உருண்டு சரிந்திருக்கும். அவ்விளிம்புக்கும் முழங்காலின் பின்புறத்துக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். கைதாங்கி முழங்கை மட்டத்தில் நின்றால் தோள்கள் தளர்ந்திருக்கும். பக்கத்திலுள்ள ஏட்டை எடுக்கும்போது முதுகு முறுக்காமல் இருத்தற்பொருட்டே இருக்கை சுழல்கிறது. நெடியவரும் குறியவரும் ஓரளவில் அடங்கார் என்பதை உணர்ந்து, 1994ஆம் ஆண்டில் வெளிவந்த ஏரான் என்னும் நாற்காலியை மூன்று அளவுகளில் செய்தனர்.

இவ்வறிவு இல்லாவிடத்து ஒரு பெரும் அநீதி நிகழ்கிறது. முப்பது ஆண்டு கணக்கெழுதிய ஒருவர் முதுகு நொந்து ஓய்வு பெறும்போது, அதனை முதுமையின் மேல் ஏற்றுகிறோம். வகுப்பில் கூனி அமரும் சிறுவனைச் சோம்பேறி என்கிறோம். பாதம் தரை எட்டாத பலகையில் அவன் எங்ஙனம் நிமிர்வான்? அமர்ந்தவனைக் குறைகூறுமுன் இருக்கையை நோக்குதல் அறிவுடையார் கடன்.

எனினும், இருக்கை எத்துணைச் சிறந்ததாயினும் நெடுநேரம் அசையாதிருத்தல் தீது. வளர்ந்தோரின் முள்ளெலும்பிடைத் தட்டுகளுள் குருதிக்குழாய்கள் மிக அரிய. அவை தமக்குரிய ஊட்டத்தைச் சுற்றியுள்ள பகுதிகளிலிருந்து ஊறிவரவே பெறுகின்றன; உடல் அசைவு அவற்றின் நலத்துக்குத் துணையாகும். ஆதலின் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து சிறிது நடத்தல், விலையுயர்ந்த எவ்விருக்கையும் தர இயலாத நன்மையைத் தரும்.

மாணவர்களே! உங்கள் பள்ளியில் சுழல் நாற்காலி இல்லாமலிருக்கலாம். அதன் இலக்கணம் உங்கள் கையில் உள்ளது. கால் எட்டவில்லையெனில் அடியில் ஒரு கட்டையை இடுங்கள். இடுப்புக்குப் பின்னே மடித்த துண்டொன்றை வையுங்கள். பாடம் முடிந்ததும் எழுந்து நில்லுங்கள். நாளை நீங்கள் பிறர்க்கு வேலை அளிக்கும் நிலையை எய்தும்போது, அவர்தம் கைத்திறனோடு அவர்தம் முதுகையும் எண்ணிப் பார்த்து இருக்கை இடுங்கள்.