கட்டளைவரியும் கருவிப் பதிப்பும்

ஏடிமெகா 328 என்னும் நுண்கட்டுப்படுத்தியில் 32 கிலோபைற்று நிரல் நினைவகமும் 2 கிலோபைற்று வேலை நினைவகமுமே உள. தன் செய்நிரலைத் தானே தொகுக்கும் ஆற்றல் அதற்கில்லை. ஆதலின், மேசைக் கணினியில் நிறுவப்பெற்ற குறுக்குத் தொகுப்பானே மூல நிரலை அச்சில்லின் பொறிமொழியாக்குகின்றது.

1976ஆம் ஆண்டில் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்ரூவேட் பெல்ட்மன் இயற்றிய ‘மேக்’ என்னுங் கட்டளை, கோப்புகளின் திருத்த நேரங்களை ஒப்பிட்டு, மாறியவற்றையும் அவற்றைச் சார்ந்தவற்றையும் மட்டும் மீளத் தொகுப்பிக்கும். எனினும், தொகுப்பானின் பதிப்பு மாறியதை அது தானாக அறியாது. பதிப்பு மாறின், மூல நிரல் மாறாதிருந்தும் பொறிமொழி வேறுபடலாம். அளவு பெருகிச் சில்லிற் கொள்ளாமலும் போகலாம்.

ஆகவே மாணவர்காள், பழைய பதிப்பை அழியாது தனி அடைவில் வைத்துப் புதியதை நிறுவுதல் வேண்டும். பதிப்பெண்ணை மூல நிரலோடு குறித்தலும் வேண்டும். பத்தாண்டின் பின் அதனைத் திருத்த வருபவனுக்கு அவ்வெண்ணே வழிகாட்டியாகும்.